வழியில் சொந்தக்காரர் இல்லாத விமானம்

"வழியில எங்க சொந்தக்காரங்க யாரும் இருக்கக்கூடாது. எனக்கு அதுதான் முக்கியம்" என்றாள் கனகமணி.

சந்தீப் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஐதராபாத்தின் அல்வாலில் அவன் டிராவல்ஸ் கடை திறந்த நாளிலிருந்து ஜன்னலோர ஸீட் கேட்டவர்கள் உண்டு. குழந்தை அழாத வரிசை கேட்டவர்கள் உண்டு. ராகுகாலத்தில் கிளம்பாத விமானம் கேட்டவர்கள்கூட உண்டு. இது புதுசு.

"பக்கத்து ஸீட்லயா ஆன்ட்டி?"

"விமானம் எங்கெங்க நிக்குதோ அந்த ஊர்ல. நான் மாத்தி ஏறுத ஊர்ல நமக்கு வேண்டியவன்னு ஒருத்தன் இருக்கக்கூடாது. ஏர்போர்ட் வாசல்ல வந்து பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கக்கூடாது."

"நேத்து லாஸ் ஏஞ்சலீஸ் வழியா பிளாக் பண்ணினேனே, அதுதான் ஆன்ட்டி பெஸ்ட் ரூட்."

"ரூட்டு நல்ல ரூட்டுதான். அத நீ ஏன் எங்க சிலாஸ்கிட்ட சொன்ன?"

சந்தீப் நாக்கைக் கடித்துக்கொண்டான். காலையில் ஷட்டில் ஆடும்போது பேச்சுவாக்கில் சொன்னதுதான். 'உங்க அக்கா கலக்குறாங்க அங்கிள், எல்.ஏ. வழியா தாஹிட்டி போறாங்க.' அவ்வளவுதான். சிலாஸ் வீட்டுக்குப் போய் மனைவி கரோலினிடம் சொல்லி, கரோலின் டாலஸில் இருக்கும் மகன் ஜோசியாவிடம் சொல்ல, கனகமணி சாயங்கால டீயைக் குடித்து முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"அத்தை! எல்.ஏ. வர்றீங்களாமே! டாலஸ் பக்கத்துலதான் அத்தை."

"பக்கம்னா எவ்வளவு பக்கம்?"

"ஒரு மூணு மணி நேர ஃப்ளைட்."

"ஏல, மூணு மணி நேரம் பறந்தா எனக்கு இங்கேருந்து வேற தேசமே வந்துரும்."

"ஒரு மாசம் முன்னாடியே வந்துடுங்க அத்தை. ட்வின்ஸ டேகேர்லேருந்து நிறுத்தப்போறோம், அங்க சரியா பாத்துக்கல. கப்பல் முடிஞ்சதும் திரும்ப வந்து ஒரு ரெண்டு மாசம் இருங்க. நடுவுல கப்பலுக்குப் போயிட்டு வாங்க. அது உங்க இஷ்டம்."

கனகமணி போனை வைத்துவிட்டு ஆறிப்போன டீயைச் செடிக்கு ஊற்றினாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் அரசுத் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்ஷன் பிரிவில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றவள். எந்தெந்த விமானத்துக்கோ போகிற வயர்களையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், விமானத்தில் ஏறியது ஒரே ஒரு முறை. ஜோசியாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது ஆறு மாதம் டாலஸ். திரும்பி வந்ததும் ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள், "அமெரிக்கா எப்படி இருந்துது மேடம்?"

"சுத்தமா இருந்துது" என்றாள் கனகமணி. "நான்தான கழுவினேன்."

கல்யாணமாகாத அத்தை என்பவள் ஒரு குடும்பத்துக்குத் தீயணைப்பு வண்டி மாதிரி. எங்கே மணி அடித்தாலும் அவள்தான் போக வேண்டும். சிலாஸுக்கு டைபாய்டு என்றால் கனகமணி. கரோலினுக்கு ஆபரேஷன் என்றால் கனகமணி. ஜோசியாவின் பரீட்சை, அவன் தங்கை எப்சிபாவின் மஞ்சள் காமாலை, திருநெல்வேலியிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா, அவரோடு வந்து அவருக்கு முன்னால் படுத்துக்கொண்ட சித்தி. எல்லாவற்றுக்கும் கனகமணி.

ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு பத்திரிகையில் அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்தாள். பசிபிக் கடலின் நடுவே தாஹிட்டித் தீவில் கிளம்பி, சின்னச் சின்னத் தீவுகளாகச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்புகிற கப்பல். மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. எதிரே கடல். கடலிலும் யாரும் இல்லை. பூமி உருண்டையில் ஐதராபாத்திலிருந்து அதற்கு மேலும் தூரம் போனால் திரும்பி வருகிற வழியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. படத்தைத் தம்பி வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். யாரும் நம்பவில்லை. மறுநாளே கப்பலில் ஒற்றை அறை போட்டுவிட்டாள். அங்கே போய்ச் சேர விமானம் பார்ப்பதுதான் பாக்கி.

"சரி ஆன்ட்டி, அமெரிக்கா வேணாம்" என்றான் சந்தீப். "ஆக்லாண்ட் வழியா போலாம். நியூஸிலாந்து. அங்க யாராவது?"

கனகமணி யோசித்தாள். எப்சிபா ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் நர்ஸாக இருந்தாள். பெர்த் எங்கேயோ, ஆக்லாண்ட் எங்கேயோ. நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது.

"போடு" என்றாள். "இனிமே ஷட்டில் ஆடப் போனா ஷட்டில மட்டும் ஆடணும்."

"ஹவ் ஆன்ட்டி, அப்படியே" என்று சந்தீப் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

இந்த முறை சந்தீப் வாயைத் திறக்கவில்லை. கனகமணியே திறந்தாள். டாலஸுக்கு ஏன் வரவில்லை என்று கரோலின் குடைந்து குடைந்து கேட்க, "நான் அந்தப் பக்கமே போகல, ஆக்லாண்ட் வழியா போறேன்" என்று சொல்லித் தொலைத்தாள். கரோலின் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"மைனி! ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என்ன சொன்னா?"

"எப்சிக்கு ஆக்லாண்ட்ல வேலை கிடைச்சிருக்குன்னு! போன வாரந்தான வீடு மாத்தினா. ஒங்களுக்கு சர்ப்ரைஸா சொல்லணும்னு இருந்தா!"

அடுத்த நிமிஷம் எப்சிபா வீடியோவில் வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகன். அவன் அம்மாவின் காதுவளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அத்தை, இது கர்த்தர் செயல்தான்! எனக்கு நைட் டியூட்டி போட்டுட்டாங்க. அவருக்குப் பகல் டியூட்டி. இவனை யார்ட்ட விடுறதுன்னு ஜெபம் பண்ணிட்டே இருந்தேன். அத்தைக்கு ஆக்லாண்ட்ல டிரான்ஸிட்டுன்னு அம்மா சொல்றாங்க!"

"டிரான்ஸிட்டுன்னா ஏழு மணி நேரம்மா."

"அத ஏழு வாரமா மாத்திடலாம் அத்தை. விசா எல்லாம் ஆன்லைன்லயே முடிச்சிரலாம்."

கனகமணி மறுபடி அல்வால் மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்தாள். சந்தீப் அவளைப் பார்த்ததுமே ஆக்லாண்டை ரத்து செய்ய ஆரம்பித்தான்.

"சிங்கப்பூர், அங்கேருந்து சிட்னி, அங்கேருந்து நூமியான்னு ஒரு தீவு, அப்புறம் தாஹிட்டி. கொஞ்சம் சுத்து ஆன்ட்டி. ஆனா சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல வெயிட் பண்றதே ஒரு டூர்."

சிங்கப்பூரில் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவளுடைய பக்கத்தில் இல்லை. கரோலினின் தங்கை ஒருத்தி அங்கே பதினைந்தாவது மாடியில் இருப்பது கனகமணிக்கு நினைவு வந்தபோது, எப்படியோ விஷயம் தெரிந்த கரோலின் ஏற்கெனவே கீழ்வீட்டிலிருந்து மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே சிலாஸ் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தான்.

"சின்னதா ஒரே ஒரு சாமான் மைனி. தங்கச்சிக்கு மாவாட்டுத கிரைண்டர். அங்க கிடைக்குததுல மாவு பொங்கலையாம். ஏர்போர்ட்டுல வந்து வாங்கிக்கிடுவா. நீங்க அங்க சும்மாதான இருப்பீங்க?"

"கல்லு கிரைண்டரா?"

"கல்லு சின்னதுதான்."

சிலாஸ் பெட்டியை இறக்கி வைத்தான். தரை லேசாக அதிர்ந்தது.

"சிலாஸு, நான் கப்பல்ல உல்லாசமா சுத்தப் போறேன்" என்றாள் கனகமணி. "இத வெச்சுக்கிட்டு கப்பல்ல ஏறினா கப்பலு சாயும்."

"சிங்கப்பூர்லயே கொடுத்துருவியேக்கா. கப்பலுக்குள்ள ஏன் போவுது?"

கனகமணி இருவரையும் கீழே அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேஜை மேல் பழைய உலக வரைபடத்தை விரித்தாள். சமையலறையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துவந்தாள். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் எல்லாம் ஒரு கொட்டையை வைத்தாள். துபாயில் நான்கு. தோஹாவில் இரண்டு. மஸ்கட்டில் ஒன்று. லண்டனில் வைக்க இடம் போதாமல் ஒன்று உருண்டு பாரிஸுக்குப் போனது. அங்கேயும் ஒரு பெரியப்பா மகன் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டொராண்டோ, டாலஸ், நியூ ஜெர்ஸி, சிட்னி, மெல்போர்ன். திருநெல்வேலியில் ஒரு சின்ன ஊரில், ஒரே மணியோசையில் எழுந்து படுத்த குடும்பம் உலகத்தில் இப்படி முளைத்துக் கிடப்பதை அவள் அன்றுதான் முழுசாகப் பார்த்தாள்.

ஆனால் பாங்காக்கில் கொட்டை இல்லை. ஜப்பானிலும் ஒன்றுகூட இல்லை. வரைபடத்தின் அந்த மூலை துடைத்துவிட்ட மாதிரி வெறிச்சென்று, அவ்வளவு அழகாக இருந்தது.

"பாங்காக், டோக்கியோ, தாஹிட்டி" என்றாள் மறுநாள் சந்தீப்பிடம்.

சந்தீப் தேடிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஆன்ட்டி, இது போறதுக்கு இருக்கிறதுலயே மோசமான ரூட்டு. பாங்காக்ல ராத்திரி முழுக்க நாற்காலில உட்காரணும். டோக்கியோல பகல் முழுக்க. கடைசி ஃப்ளைட்டுல நடு ஸீட்டுதான் இருக்கு. எதுக்கு ஆன்ட்டி இவ்வளவு கஷ்டம்? கால் வீங்கிடும்."

"யாரோட காலு?"

"உங்க கால்தான்."

"அப்ப வீங்கட்டும். என் காலு எனக்காக வீங்குததுக்கு இதான் முதல் தடவை. போடு."

டிக்கெட் கையில் வந்தது. தாஹிட்டி பிரான்ஸுக்குச் சொந்தம் என்பதால் பிரெஞ்சு விசாவும் வந்தது. விஷயம் கீழ்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குக் கிளம்பும் முன் கனகமணியைச் சிலாஸ் கீழே அழைத்தான். மேஜை மேல் லேப்டாப் திறந்திருந்தது. ஒரு கட்டத்தில் ஜோசியா, இன்னொரு கட்டத்தில் எப்சிபா. கரோலின் எல்லோருக்கும் காபி வைத்தாள். கிரைண்டர் பெட்டி ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா" என்று ஆரம்பித்தான் சிலாஸ். "இந்த வயசுல தனியா, பாஷை தெரியாத ஊரு. ராத்திரி நாற்காலில கிடக்கணும்னு சந்தீப் சொல்லுதான். நல்ல வழி ரெண்டு இருக்கையில நீ ஏன் இப்படி அடம் பிடிக்க? டாலஸ் வழியா போ. பிள்ளைகளையும் பாத்தாப்ல ஆச்சு."

"நக்கோ" என்று ஐதராபாத் உருதுவில் வேண்டாம் என்றாள் கனகமணி.

"இல்லன்னா ஆக்லாண்ட் அத்தை" என்றாள் எப்சிபா. "ரொம்ப வேணாம், ஒரு மூணு வாரம்."

"நக்கோ."

"கிரைண்டராவது..." என்றாள் கரோலின்.

"நக்கோன்னா நக்கோ!"

காபி டம்ளர் துள்ளியது. கனகமணி எழுந்து நின்றாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"ஜோசியா, பத்தாங்கிளாஸ் பரீட்சை முடியுத வரைக்கும் ஸ்கூல் வாசல்ல வெயில்ல நின்னது யாருல?"

"நீங்கதான் அத்தை."

"எப்சி, ஒனக்குக் காமாலை வந்தப்ப கீழாநெல்லி தேடி மல்லாபூர் பொட்டல் எல்லாம் அலைஞ்சது யாரு?"

"நீங்க அத்தை."

"நான் குறை சொல்லல. பிரியத்தோடதான் செஞ்சேன். இன்னொரு தடவை வந்தாலும் செய்வேன். ஆனா ஒண்ணு கேக்குதேன். ஆபீஸ்ல எனக்குன்னு கொடுத்த லீவுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் எனக்காக எடுத்திருக்கேனா? எனக்குக் காய்ச்சல் அடிச்சப்பகூட மாத்திரையப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிப் போயிருவேன். லீவு ஒங்களுக்கு வேணுமேன்னு சேத்து வெப்பேன். ரிட்டையர் ஆகுத அன்னிக்கு மேனேஜர் கேக்காரு, 'மேடம், நீங்க டூர் எதுவும் போனதில்லையா?'ன்னு. நான் ஆஸ்பத்திரி பேரா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

திரையில் எப்சிபாவின் மகன் காதுவளையத்தை விட்டுவிட்டான்.

"அந்தக் கப்பல்ல ஒரு நாற்காலி போட்டிருக்கான். நான் அதுல உக்காரணும். காலை நீட்டிக்கிட்டு, கடலைப் பாத்துக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம உக்காரணும். பசிச்சா எவனாவது கொண்டு வந்து தரட்டும். தட்டை அவனே எடுத்துட்டுப் போகட்டும். அதுக்கு நான் நாற்காலில தூங்கி, நடு ஸீட்டுல நசுங்கி, கால் வீங்கித்தான் போய்ச் சேரணும்னா அப்படியே போறேன். அதுவும் சும்மா இல்ல, சந்தோசமா போறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

எதிர்த்து வாதாட அவள் இன்னும் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். மூச்சையும் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"சாரி அத்தை" என்றான் ஜோசியா மெதுவாக. "நீங்க சொல்றதுதான் சரி. நாங்கதான் யோசிக்கல. போயிட்டு வாங்க."

"ஆமா அத்தை" என்றாள் எப்சிபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா ரெஸ்ட் எடுங்க."

கனகமணிக்கு இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை. கரோலின் கிரைண்டர் பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சிலாஸ் எழுந்து, அக்காவின் பிரயாணத்துக்காக ஒரு நீண்ட ஜெபம் செய்தான். அதில் பாங்காக் நாற்காலிக்குத் தனியாக ஒரு வரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை. ஜோசியா அழைக்கவில்லை. எப்சிபா அழைக்கவில்லை. கனகமணி இரண்டு மூன்று முறை போன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இப்பதான் எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்களே ஆன்ட்டி" என்றான் சந்தீப், டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தபோது. "லாஸ் ஏஞ்சலீஸுக்கே மாத்திரவா? இன்னும் ஸீட் இருக்கு."

"இவங்க அனுப்பி நான் போகல. நானாத்தான் போறேன். என் ரூட்டு என் ரூட்டுதான்."

சந்தீப் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. பாங்காக்கில் மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் படுத்தாள். நடுவில் கைப்பிடி இருந்ததால் மூன்று துண்டாகத்தான் படுக்க முடிந்தது. டோக்கியோவில் ஒரு மெஷினில் டீ கேட்டு, குளிர்ந்த பச்சைத் தண்ணீர் வந்து, அதையும் குடித்தாள். கடைசி விமானத்தில் ஒரு பக்கம் மல்யுத்த வீரர் மாதிரி ஒருவர், மறுபக்கம் புதுமணப் பெண். அந்தப் பெண்ணின் கணவனுக்கு வேறு வரிசையில் ஸீட். இருவரும் கனகமணியின் தலைக்கு மேலாகவே விடாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். மாறி உட்காரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் மாறி உட்கார்ந்தாகிவிட்டது. தன் ஸீட்டில் தானே உட்கார்ந்து நசுங்கினாள்.

கால் வீங்கியது. செருப்புக்குள் போக மறுத்தது. ஆனாலும் எந்த ஏர்போர்ட்டிலும் யாரும் அவளுக்காகக் கையாட்டவில்லை. எந்தக் கூட்டத்திலிருந்தும் தெரிந்த குரல் ஒன்று பிய்த்துக்கொண்டு வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவள் ஒரு நொடி நின்று, இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்து, முன்பின் தெரியாத முகங்களையெல்லாம் கண்ணாரக் கண்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

தாஹிட்டியில் இறங்கியபோது விடிந்திருந்தது. ஒரு பெண் அவள் கழுத்தில் பூமாலை போட்டாள். மல்லிகைக்குச் சித்தி மகள் மாதிரி ஒரு வெள்ளைப் பூ. துறைமுகத்தில் கப்பல் நின்றது, பத்திரிகையில் பார்த்ததைவிடப் பெரியதாக. கனகமணி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வீங்கிய வெறுங்காலோடு, மாலையும் கழுத்துமாகப் படிக்கட்டில் ஏறினாள். உள்ளே இருந்த கண்ணாடியில் ஒரு அம்மாள் தலைமுடி கலைந்து, புடவை கசங்கி, யுத்தம் ஜெயித்து வந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள். அது யாரென்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வரவேற்பு மேஜையில் ஒரு பெண் இருந்தாள். கனகமணி பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றாள் ஆங்கிலத்தில், வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியத்தை. "மேல்தளத்தில், கடலைப் பார்த்து, ஒரு நாற்காலி. அது போதும்."

அந்தப் பெண் பாஸ்போர்ட்டில் பெயரைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துபோய், இரண்டு கைகளாலும் கனகமணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் படபடத்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா மேடம்! குழந்தைங்க காப்பகத்துல ஒரு இடம்கூட இல்லையேன்னு நாங்க தவிச்சுட்டு இருந்தோம், உங்க பக்கத்து ரூமுக்கு நேத்தே வந்து இறங்கின ஜோசியா சாரும் எப்சிபா மேடமும்தான் 'கவலையே படாதீங்க, நாளைக்கு எங்க அத்தை வந்துடுவாங்க'ன்னு சொன்னாங்க!"